பள்ளி வீட்டைக் காட்டுகிறது, வீடு பள்ளியைக் காட்டுகிறது: பாலியல் கல்வி யார் பொறுப்பு?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. இருவரும் ஒரே மெட்ரிக் பள்ளியில் படிக்கிறார்கள். உடம்பைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் எப்போது சொல்லித் தருவீர்கள் என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். “அதெல்லாம் அம்மாதான் வீட்டில் சொல்லணும்” என்றார். கணவரோ, “பாடத்தில் வரும்போது தெரிந்துகொள்வார்கள், நீ எதையாவது சொல்லி வைக்காதே” என்கிறார். இப்போது பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு எடுக்குமாம். தலைக்கு 750 ரூபாய். இரண்டு பேருக்கும் கட்டிவிட்டால் போதுமா? உண்மையில் இது யாருடைய பொறுப்பு?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்)

பதில்: பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் பள்ளி அலுவலகத்தில் ஐந்து விஷயம் கேளுங்கள். காட்டப்போகும் படங்களையும் வீடியோவையும் பெற்றோர் முன்னதாகப் பார்க்கலாமா? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் உட்காருவார்கள்? வகுப்பு முடியும்வரை ஆசிரியை ஒருவர் உள்ளே இருப்பாரா? பிள்ளைகளைப் போட்டோ எடுத்து விளம்பரத்துக்குப் போடுவார்களா? வகுப்பு முடிந்ததும் ஒரு குழந்தை தனியாக வந்து, “எனக்கும் இப்படி நடந்தது” என்று சொன்னால் அடுத்து என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றுதான்: காவல்துறைக்குத் தெரிவிப்போம். “மேனேஜ்மென்டிடம் பேசிவிட்டு முடிவு செய்வோம்” என்று சொல்கிறவர்களைப் பள்ளிக்குள் விடவே கூடாது.

இது இப்போது நல்ல வியாபாரமாகிவிட்டது. இருநூறு பிள்ளைகளை ஹாலில் உட்காரவைத்து, முக்கால் மணி நேரம் கார்ட்டூன் போட்டு, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பள்ளிக்கும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பெயரால், ‘போக்சோ பாதுகாப்புச் சான்று’ என்று ஒன்று பிரேம் போட்டுக் கிடைக்கிறது. அந்தத் தனியார் காகிதத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. சட்டம் பள்ளியிடம் கேட்பது வேறு. ஆசிரியர், வேன் டிரைவர், ஆயா, வாட்ச்மேன் என்று எல்லா ஊழியர்களுக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு நடந்திருக்க வேண்டும், அது அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்கின்றன 2020-ம் ஆண்டு போக்சோ விதிகள். அதைச் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். விழிப்புணர்வு வகுப்பு வேண்டுமென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் பள்ளி ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். அரசு அலுவலகம் செய்து தர வேண்டிய வேலைக்குப் பெற்றோர் தலைக்கு 750 ரூபாய் எதற்காகக் கட்ட வேண்டும்?

பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு ‘எல்லோருக்கும்’ என்று பதில் சொன்னால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு எல்லோரும் சும்மா இருப்பார்கள். உங்களுக்கு நடந்தது அதுதான். ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். உறுப்புகளின் பெயர், ‘என் உடம்பு என்னுடையது’ என்ற உணர்வு, ஏதாவது நடந்தால் யாரிடம் வந்து சொல்வது ஆகிய மூன்றும் வீட்டு வேலை. இவை ஐந்து வயதுக்கு முன்பே தொடங்க வேண்டியவை, அந்த வயதுப் பிள்ளை பள்ளியின் கையில் இல்லை. பருவமாற்றத்தின் அறிவியல், மாதவிடாய்க்கான கழிப்பறை வசதி, புகார் சொல்லும் வழி ஆகியவை பள்ளியின் வேலை. தெரிந்ததை மூடி மறைக்காமல் போலீஸுக்குச் சொல்வது ஊராரின் வேலை. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது.

பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2005-லேயே மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007-ல் கலாசாரம் கெட்டுவிடும் என்று பல மாநிலங்கள் அதை நிறுத்தின. 2020-ல் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத்திட்டத்தில், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வாரம் ஒரு மணி நேரம் என்று எழுதிவைத்தார்கள். 2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்துசெய்த வழக்கில், பாலியல் கல்வி மேலைநாட்டுச் சரக்கு என்ற எண்ணமே தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பாடமே இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பாடம் வந்ததும் “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். நாப்கின் பற்றிப் பேச வேண்டுமென்றால் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பையன்கள் பிறகு செல்போனிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள். பள்ளி திருந்தட்டும் என்று நீங்கள் காத்திருக்க முடியாது.

உங்கள் மகளிடம் இந்த வாரமே பேசுங்கள். பெண் குழந்தைகளுக்குப் பருவமாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். “கர்ப்பப்பையின் உள்ளே மெல்லிய ரத்தப் படலம் மாதாமாதம் உருவாகும். குழந்தை உருவாகாத மாதத்தில் அது வெளியே வந்துவிடும். அடிபட்டு வரும் ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம்.” ஆரம்பத்துக்கு இந்த அளவு போதும். வாயால் சொல்வதோடு விடாதீர்கள். ஒரு ஜட்டியையும் நாப்கினையும் மகள் கையிலேயே கொடுங்கள். பின்புறக் காகிதத்தை உரித்து, நடுவில் ஒட்டி, இரண்டு பக்கச் சிறகையும் அடியில் மடக்கி, பிறகு கழற்றிச் சுருட்டி, செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுவதுவரை ஒரு தடவை அவளே செய்து பார்க்கட்டும். பள்ளிப் பையில் ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். அதில் இரண்டு நாப்கின், ஒரு மாற்று ஜட்டி, இரண்டு துண்டு செய்தித்தாள் இருந்தால் போதும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் தேதி முன்பின்னாக வரும், 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்புதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ, 15 வயதாகியும் வரவில்லை என்றாலோ, எட்டு வயதுக்கு முன்பே மார்பு அரும்பினாலோ டாக்டரைப் பாருங்கள். மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் பிடித்து, பெண்ணின் படத்தோடு பிளெக்ஸ் வைக்கும் எத்தனையோ வீடுகளில் அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம்.

அடுத்து, பெயர்கள். வீட்டுக்கு வீடு அந்தரங்க உறுப்புக்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறோம். ‘பூ’ என்று பழக்கப்பட்ட ஒரு குழந்தை, “மாமா என் பூவைத் தொட்டார்” என்று டீச்சரிடம் சொன்னால், டீச்சர் பின்னலைத்தான் பார்ப்பார். குழந்தை தைரியமாக வாய் திறந்தும் யாருக்கும் புரியாமல் போய்விடும். கண், மூக்கு என்று சொல்லித்தருவதுபோலவே ஆண்குறி, பெண்குறி, மார்பு, பிட்டம் என்று இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லித்தாருங்கள்.

‘பேட் டச்’ என்று சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. தப்பு செய்கிறவன் வலிக்கிற மாதிரித் தொடுவதில்லை. சாக்லேட் வாங்கிக் கொடுத்து, விளையாட்டுபோலத் தொடுவான். ‘நல்லாத்தானே இருந்தது’ என்று குழந்தை குழம்பிவிடும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். போக்சோ பாலியல் வன்முறை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குழந்தைக்குத் தெரிந்த ஆட்களே குற்றம்சாட்டப்பட்டிருக்கிறார்கள். ஆகவே நல்லது, கெட்டது என்று பிரிப்பதை விட்டுவிட்டு ஒரே விதியாகச் சொல்லுங்கள்: “ஜட்டிக்குள் இருக்கும் இடத்தையும் மார்பையும் யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அவர்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது.”

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சரியாகச் சொல்லாவிட்டால் குழந்தை ஊசி போட வரும் நர்ஸைப் பார்த்து அலறும், அல்லது “நானும் டாக்டர் மாதிரிதான்” என்று சொல்கிறவனை நம்பிவிடும். சுத்தம் செய்யவும் வைத்தியம் பார்க்கவும் மட்டும் தொடலாம். அதற்கும் நான்கு நிபந்தனைகள். முதலாவது, எதற்காகத் தொடுகிறோம் என்பதைத் தொடும் முன்பே சொல்ல வேண்டும். இரண்டாவது, டாக்டரிடம் என்றால் அம்மாவோ அப்பாவோ அதே அறையில், திரைக்குள் குழந்தையின் பக்கத்தில் இருக்க வேண்டும். “நீங்கள் வெளியே இருங்கள்” என்றால் நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. மூன்றாவது, வேலை முடிந்ததும் கை எடுக்கப்பட வேண்டும். நான்காவது, ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற பேச்சே வரக் கூடாது. பிறந்தநாள் பரிசு போன்ற ரகசியம் வேறு, அது ஒரு நாள் வெளிவரும். உடம்பைப் பற்றிய ரகசியம் என்று ஒன்று கிடையாது. நான்கில் ஒன்று குறைந்தாலும் அது விலக்கில் வராது, செய்தவர் பாட்டியாக இருந்தாலும், டாக்டராக இருந்தாலும், வேன் ஆயாவாக இருந்தாலும். தீபாவளி எண்ணெய்க் குளியலை உதாரணமாக வையுங்கள். தலைக்கும் முதுகுக்கும் பாட்டி தேய்க்கட்டும். மற்ற இடத்தை ஏழு வயதுப் பையன் தானே தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம். முன்தோலை யாரும் வலிந்து பின்னுக்குத் தள்ள வேண்டாம், வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

மகனுக்குப் பத்து, பதினோரு வயதாகும்போது உங்கள் கணவர் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, அதனால் உடம்பு கெடாது. இதை அப்பா சொல்லாவிட்டால் லாட்ஜ் வைத்தியர் சொல்வார். ‘இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா?’ என்ற விளம்பரங்கள் யாரைக் குறிவைக்கின்றன? விவரம் தெரியாமல் பயந்துபோன பையன்களைத்தான். ஒரு சொட்டு விந்து நூறு சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்பது முழுப் பொய். இல்லாத நோய்க்கு லேகியம், பொடி என்று ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறார்கள். ஆண்மை பெருக்க மருந்து என்று விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. எழுபது ஆண்டுகளாகியும் சுவரெங்கும் அந்த விளம்பரங்கள்! அதிகாரிகள் யாருக்கும் கண் தெரிவதில்லையா?

பிள்ளை ஒரு நாள் வந்து ஏதாவது சொன்னால், “நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை” என்பதை முதலில் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொன்னதை அதே வார்த்தையில் தேதியோடு எழுதிவையுங்கள். உடைகளைத் துவைக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள் அல்லது காவல் நிலையம் போங்கள். வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கலாம், வாங்குகிறவர் சீருடையில் இருக்கக் கூடாது. “பேசித் தீர்த்துக்கலாம், பொண்ணு பேரு கெட்டுடும்” என்று நடுவில் வரும் ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர் யாரையும் வாசலோடு நிறுத்துங்கள். அவர்கள் காப்பாற்ற வருவது உங்கள் பெண்ணை அல்ல. தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை உண்டு. தன் ஊழியர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை.

750 ரூபாய்க்குப் பதிலாகப் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், புகார்ப் பெட்டியை யார் எத்தனை நாளுக்கு ஒரு முறை திறக்கிறார்கள், பெண்கள் கழிப்பறையில் மூடிபோட்ட குப்பைத்தொட்டி உண்டா, ஊழியர் சரிபார்ப்பு கடைசியாக எப்போது நடந்தது, எட்டாம் வகுப்புப் பாடத்தை ஆண் பெண் இரு தரப்புக்கும் நடத்துகிறார்களா என்று கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-க்குப் பேசுங்கள். கடிதத்தில் உங்கள் கணவரும் கையெழுத்துப் போடட்டும்.