அண்ணன் இரட்சிப்பை இழந்துவிட்டாரா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள். வாலிபர் கூட்டமெல்லாம் நடத்திய என் அண்ணன் இப்போது சபைப் பக்கமே வருவதில்லை, குடிக்கவும் ஆரம்பித்துவிட்டார். அவர் இரட்சிப்பை இழந்துவிட்டார், வேதத்தில் எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தின்படி இனி மனந்திரும்பவே முடியாது என்று பாஸ்டர் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரதரன் சபையில் இருக்கும் சித்தப்பாவோ, இரட்சிப்பு போகவே போகாது, போய்விட்டதென்றால் முதலிலேயே இருந்ததில்லை என்கிறார். எது சரி? அண்ணன் திரும்பி வந்தால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

எபிரெயர் 6:4-6 கடுமையான வசனம்தான், மறுதலித்துப்போனவர்களைப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிறது. ஆனால் அதை உங்கள் அண்ணன்மேல் அப்படியே தூக்கிப் போட்டால், கன்வென்ஷன் தோறும் "பின்மாற்றத்தில் இருக்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று கூப்பிடுவதைப் பாஸ்டர் நிறுத்திவிட வேண்டியதுதான். இரட்சிப்பை இழக்கலாம், அப்புறம் திரும்பப் பெறலாம் என்பவர்களுக்கு இந்த வசனம் கைகொடுக்காது. தெரிந்தே கிறிஸ்துவை வேண்டாமென்று உதறியவனைத்தான் அது சொல்கிறது என்பது என் எண்ணம். குடியிலும் வெட்கத்திலும் மாட்டிக்கொண்டு ஆராதனைக்கு வரக் கூசுகிறவனை அல்ல.

சித்தப்பா சொல்வது நெதர்லாந்தில் 1618-19-இல் சீர்திருத்தச் சபையார் கூடிய டார்ட் சங்கத்தின் முடிவுக்கு, அதாவது உண்மையான விசுவாசியைக் கடவுள் கடைசிவரை காப்பார் என்பதற்குப் பக்கத்தில் வருகிறது. எதிர்த்தரப்பான, டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் சீடர்கள்கூட 1610-இல், விசுவாசி விழுந்துபோகலாமா என்பதை வேதத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் எழுதினார்கள், பிறகுதான் போகலாம் என்று உறுதியாகச் சொன்னார்கள். டார்ட் முடிவிலேயே இன்னொன்றும் இருக்கிறது: உண்மையான விசுவாசியும் தாவீதைப் போல, பேதுருவைப் போல மோசமாக விழலாம். இதையும் சித்தப்பா சொன்னாரா? "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்ற யோவான் 10:28-ஐ நம்பி நானும் அவர் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் "முதலிலேயே இருந்ததில்லை" என்று உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு சத்தியம் பண்ணி மறுதலித்த ராத்திரியில் பார்த்திருந்தால் அவரையும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

உங்கள் வீட்டுச் சண்டை ரொம்பப் பழையது. கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தில் பாப்பிரஸில் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் 72 வயதுக் கிராமத்துக்காரர் ஒருவருக்கு வலது புருவத்தில் தழும்பு என்று அடையாளம்கூடக் குறித்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் பலியிட்டார்கள், இன்னும் சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள் (அந்தக் காலத்திலும் அதற்கு வழி இருந்திருக்கிறது). கெடுபிடி தணிந்ததும் விழுந்தவர்கள் அழுதுகொண்டு சபை வாசலுக்கு வந்தார்கள். ரோமில் நோவாசியன் என்ற சபை மூப்பர், கடவுள் மன்னித்தால் மன்னிக்கட்டும், சபை சேர்க்காது என்று தனியே பிரிந்தார். வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜில் பேராயர் சிப்ரியான் 251-இல் சங்கம் கூட்டினார். சீட்டு மட்டும் வாங்கியவர்களை விசாரித்து, தவம் செய்யவைத்துச் சேர்த்தார்கள். பலியிட்டவர்களுக்கு மரணப் படுக்கையில் மட்டும் என்றார்கள். ஓரிரு வருடத்தில் மறுபடி துன்புறுத்தல் வரும்போலத் தெரிந்ததும், தவத்தில் இருந்த அவர்களையும் உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

குடித்ததைவிடப் பெரிய காரியம் அது, இல்லையா? வந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, தலையில் கைவைத்து ஏற்றுக்கொண்டார்கள். அண்ணனுக்கும் அது போதும். குடியை விட வைத்தியம் தேவைப்படும், அதையும் பாருங்கள். அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.