வளவுத் தூண் முதல் ஆத்தங்குடிக் கல் வரை: சின்ன வார்ப்புகள் பற்றிய கேள்வி-பதில்

செட்டிநாட்டு வீடு ஒன்றை 1:24 அளவில் செய்கிறேன். வளவுக்கு (உள்முற்றத்துக்கு) இருபது தூண் வேண்டும். ஒன்றை மரத்தில் கடைந்துவிட்டேன். மற்றதை அச்செடுத்து வார்க்கலாமா? – காரைக்குடி வாசகர்

தாராளமாக வார்க்கலாம். அடிக்கு அரை அங்குலம் என்பது உங்கள் கணக்கு. 12 அடித் தூண் 6 அங்குலம் வரும். ஆனால் அச்செடுக்கும் ரப்பரான சிலிகானை வாங்குவதற்கு முன் அந்த மரத்தூணைக் கவனியுங்கள். மரத்தின் நார், உப்புத்தாள் கீறல் எல்லாம் இருபது தூணிலும் அப்படியே இறங்கும். சாண்டிங் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு) இரண்டு கோட் அடித்து, 400-ம் நம்பர் தாளிலும் பிறகு 800-லும் தேயுங்கள். இதற்கு இரண்டு நாள் போனால் போகட்டும்.

உருண்டைத் தூணுக்கு இரண்டு பாதி அச்சு வேண்டாம். நெடுக விழும் தையல் கோட்டை இருபது முறை தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும். அதைவிட எளிய வழி பிவிசி குழாய். தூணைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 மி.மீ. இடம் விடும் குழாயை எடுத்து, நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்து, டேப்பால் ஒட்டுங்கள். தூணின் அடிப்பாகத்தைப் பலகையில் ஒட்டி நிறுத்தி, குழாயை மேலே கவிழ்த்து, அடியில் களிமண்ணால் அடையுங்கள். குழாயின் உயரம் தூணைவிட 15 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

எவ்வளவு சிலிகான்? தூணைச் சுற்றிக் கேழ்வரகைக் கொட்டி நிரப்பி, அதை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். மி.லி. கணக்கை 1.2 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிராம் கிடைக்கும். 150 மி.லி. என்றால் 180 கிராம். கேட்டலிஸ்ட் (சிலிகானை இறுக வைக்கும் திரவம்) 3 சதவீதம் என்று டப்பாவில் போட்டிருந்தால் 5.4 கிராம். சொட்டு எண்ணி ஊற்றாதீர்கள், 0.1 கிராம் காட்டும் நகைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், அதனால் விடியற்காலையில் ஊற்றுவது நல்லது.

தூணின் தலைப்பாகமான போதிகைக்கு அடியில்தான் காற்று போய் உட்காரும். முதலில் அந்த மடிப்பில் சிலிகானைத் தூரிகையால் தடவிவிட்டு, மிச்சத்தை ஒரே மூலையில் நூல்போல ஊற்றுங்கள். மறுநாள் டேப்பைப் பிரித்து அச்சை வெளியே எடுத்து, பிளேடால் ஒரு பக்கம் மட்டும் நெளிநெளியாகக் கீறித் தூணை உருவுங்கள். நெளிவு இருந்தால்தான் இரண்டு உதடும் சரியாகப் பொருந்தும். வார்க்கும்போது ரப்பர் பேண்டு போட்டு இறுக்காதீர்கள், தூண் முட்டை வடிவமாகிவிடும். அச்சை அதே குழாய்க்குள் வைத்து டேப் சுற்றினால் உருட்சி மாறாது.

ரெசின் (ஊற்றியபின் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) வார்ப்பில் சில இடத்தில் பரு, சில இடத்தில் குழி. கார்த்திகை மழையில் செய்ததோ உள்ளே முழுக்க நுரை. ஏன்? – தேவகோட்டை வாசகர்

மூன்றும் வெவ்வேறு கோளாறு. பரு என்றால் அச்சிலேயே குமிழி இருக்கிறது. அந்தக் குழிக்குள் ரெசின் புகுந்திருக்கிறது. ஒவ்வொரு வார்ப்பிலும் அதே இடத்தில் வரும், பிளேடால் சீவ வேண்டியதுதான்.

குழி என்றால் ரெசினில் காற்று. அச்சுக்குள் மெல்லிய டால்கம் பவுடரைத் தூவி, தட்டி உதறிவிடுங்கள். ரெசின் மூலை முடுக்கெல்லாம் ஓடும். தூண் அச்சு தலைகீழாக நிற்பதால், போதிகை நிரம்பும் அளவு மட்டும் முதலில் ஊற்றி, அச்சை நாலு பக்கமும் சாய்த்து, மெல்லப் பிசைந்துவிட்டு மிச்சத்தை ஊற்றுங்கள். கலந்தபின் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகும் ரகத்தில் இதற்கெல்லாம் நேரம் போதாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

நுரைக்குக் காரணம் ஈரம். பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பிப் பொங்கும். அடைமழை நாளில் வார்க்காதீர்கள், பாட்டிலை உடனே மூடுங்கள், மரக்குச்சியால் கலக்காதீர்கள்.

அழுத்தத்தில் வைத்தால் குமிழி சுருங்கும் என்று சமையல் குக்கரில் காற்றடிக்க நினைக்கவே வேண்டாம். அது ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) தாங்கச் செய்த பாத்திரம். வார்ப்புக்குத் தேவை 40-க்கு மேல். வெடிக்கும்.

நிலைக்கு மேலே வரும் கஜலட்சுமியை 3டி பிரிண்ட் எடுத்து அச்செடுத்தேன். பிரிண்ட்டைத் தொட்ட பக்கம் மட்டும் சிலிகான் பிசுபிசுவென்றே இருக்கிறது. – பள்ளத்தூர் வாசகர்

சிலிகானில் பிளாட்டினத்தால் இறுகுவது, டின்னால் (வெள்ளீயத்தால்) இறுகுவது என்று இரண்டு ரகம் உண்டு; நீங்கள் வாங்கியது பிளாட்டினம் ரகம். யூ.வி. ரெசின் பிரிண்ட், கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, முன்பு டின் ரகச் சிலிகான் கலந்த குவளை, இவை எல்லாமே அதை இறுக விடாது. பிரிண்ட்டை ஆல்கஹாலில் கழுவி, நன்றாக வெயில் காட்டி, தெளிவான அக்ரிலிக் லாக்கர் அடித்து, ஓர் ஓரத்தில் ஒரு துளி வைத்துச் சோதியுங்கள். அதன் பிறகும் பிசுபிசுத்தால் டின் ரகத்துக்கு மாறிவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் சிமென்ட் தரை ஓடு) தரையை நிஜமாகவே வார்த்துப் பதிக்க ஆசை. முடியுமா? – கானாடுகாத்தான் வாசகர்

முடியும். முறையையும் ஆத்தங்குடியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அங்கே பாலிஷ் கிடையாது. கண்ணாடி மேல் வார்ப்பதால் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வருகிறது. 8 அங்குலக் கல் 1:24-ல் ஏறக்குறைய 8.5 மி.மீ. 10 அடிக்கு 10 அடி அறைக்கு 15 வரிசை, வரிசைக்கு 15, ஆக 225 கல்.

1.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் 75 சதுரம் வெட்டி (மூன்று முறை வார்த்தால் 225), இடைவெளி விட்டு அக்ரிலிக் தகட்டில் ஒட்டி, மேற்பரப்பு வரை மட்டும் சிலிகான் ஊற்றுங்கள். உரித்தால் ஓட்டைகள் கொண்ட சல்லடை கிடைக்கும். அதைக் கண்ணாடி மேல் வையுங்கள், தானே ஒட்டி நிற்கும். சோப்புத் தண்ணீரை மெல்லிதாகத் தடவிவிட்டு, பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் டென்டல் ஸ்டோனை ஊற்றுங்கள். 6 மி.லி. தண்ணீரில் 20 கிராம் பொடியைத் தூவி, அரை நிமிடம் ஊறவிட்டுக் கலந்தால் 75 கல்லுக்குப் போதும். ஸ்கேலால் வழித்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இதே வேலைக்கு இன்னும் அதிகத் தண்ணீர் கேட்கும், முனை உதிரும். தண்ணீரைக் கூட்டினால் ஸ்டோனும் அப்படித்தான் ஆகும்.

சிவப்புக்கு ஆக்சைடு பொடி, எடையில் 5 சதவீதத்துக்குள். பூப்போட்ட கல்லுக்கு இந்த அளவில் வண்ணம் ஊற்ற முடியாது. வெள்ளைக் கல் வார்த்து டீக்கால் (அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டுங்கள்.

கதவு வளையத்துக்கு ஈயம் உருக்கலாமா? – கண்டனூர் வாசகர்

வீட்டில் வேண்டாம், ஈயம் விஷம். அச்சில் பித்தளைப் பொடியைத் தூரிகையால் தடவி, மேலே ரெசின் ஊற்றுங்கள். இறுகியபின் ஸ்டீல் வூலால் (மெல்லிய இரும்பு நாரால்) தேய்த்தால் பித்தளையே தெரியும்.

ஒரு அச்சில் எத்தனை எடுக்கலாம்? – காரைக்குடி வாசகர்

ரெசின் வார்க்க வார்க்க அச்சின் எண்ணெய்ப் பசை போய், ஒட்டத் தொடங்கும். மெல்லிய மடிப்புகள்தான் முதலில் கிழியும். இருபது தூண் வேண்டுமென்றால் அசல் கையில் இருக்கும்போதே இரண்டு அச்சு எடுத்து வையுங்கள். வார்ப்பிலிருந்து மறு அச்சு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கும். அந்தத் தூண் மற்றவற்றோடு நிற்கும்போது குட்டையாகத் தெரியும்.