ஒரே வகைச் செல்லின் விறைப்பு கட்டுரைக்குக் கட்டுரை மாறுவது ஏன்?

ஒரே வகைச் செல்லின் யங் குணகத்தை, அதாவது விறைப்பின் அளவான மீள்தன்மைக் குணகத்தை, ஒரு கட்டுரை அரை கிலோபாஸ்கல் என்றும் இன்னொன்று பல கிலோபாஸ்கல் என்றும் தருகிறதே, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நுண்ணிய முனையால் தொட்டு விசையை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் உயிருள்ள செல்களை அளந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுமே சரியாக இருக்கலாம். செல்லை எப்படித் தொட்டார்கள் என்று பார்க்காமல் எண்களை மட்டும் ஒப்பிடக் கூடாது.

1986இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகியோர் அறிமுகப்படுத்திய இக்கருவியில், கான்டிலீவர் எனப்படும், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்ட மெல்லிய வளையும் தகட்டின் நுனியில் உள்ள முனை செல்லின் மீது மெதுவாக இறங்குகிறது. செல்லைத் தொடாமல் வளர்ப்புத் திரவத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் வரை, விசையைக் காட்டும் கோடு திரையில் கிடையாக ஓடும். செல்லைத் தொட்டபின் மெல்ல வளைந்து மேலேறும். மேலேறும் அந்தப் பகுதிக்கு 1882இல் ஹெர்ட்ஸ் வகுத்த, ஒன்றையொன்று அழுத்தும் பொருள்கள் எவ்வளவு அமிழும் என்று சொல்லும் தொடுகைக் கோட்பாட்டைப் பொருத்தித்தான் குணகத்தைக் கணக்கிடுகிறோம். ஆனால் செல் மிகவும் மென்மையானது என்பதால், கோடு எந்த இடத்தில் எழத் தொடங்கியது என்று உறுதியாகக் குறிப்பது கடினம்; அது சற்றுத் தள்ளிப்போனாலும் விடை மாறிவிடும்.

மேலும், அக்கோட்பாடு பொருளை எங்கும் ஒரே தன்மை கொண்டதாகவும், அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவுக்குத் திரும்பும் முழு மீள்தன்மை உடையதாகவும் போதிய தடிமன் கொண்டதாகவும் கொள்கிறது. செல்லோ அப்படிப்பட்டதன்று. கூர்முனை செல்லை உள்ளிருந்து தாங்கும் ஆக்டின் என்ற புரதத்தின் இழைக்கற்றை ஒன்றின் மேல் இறங்கினால் ஓர் எண்ணும், அதற்கு அருகில் இறங்கினால் வேறோர் எண்ணும் வரும். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டை முனை அவற்றின் சராசரியைத் தரும். செல்லுக்குத் தேனைப் போல ஓட்டத்தை எதிர்க்கும் பிசுக்குமையும் உண்டு என்பதால், விரைவாக அழுத்தினால் விறைப்பு கூடித் தெரியும். தொடக்கக் காலத்தில் எனக்குச் செல்லின் ஓரங்கள் நடுப்பகுதியைவிடப் பன்மடங்கு விறைப்பாகத் தெரிந்தன. ஓரம் மெல்லியது; அங்கே நான் அளந்தது பெரும்பாலும் அடியிலிருந்த கண்ணாடியைத்தான். அதன்பின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அழுத்துவதில்லை.

2018இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லைப் பல முறைகளில் அளந்தபோது மீள்தன்மைக் குணகம் 1,000 மடங்கு வரை வேறுபட்டது. அதற்காக இவ்வளவீடே பயனற்றது என்று ஆகிவிடாது. 2007இல், நோயாளிகளின் உடற்குழி நீரிலிருந்து எடுத்த பரவும் புற்றுச்செல்கள் இயல்பான செல்களைவிட 70 விழுக்காட்டுக்கும் மேல் மென்மையானவை என்று காட்ட முடிந்தது. இரண்டையும் ஒரே கருவியில் ஒரே விதமாக அழுத்தியதால்தான் அந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு.

ஆகவே முனையின் வடிவம், அழுத்திய வேகம், ஆழம், வெப்பநிலை, செல் ஒட்டியிருந்த தளம் ஆகியவற்றை முதலில் தேடுங்கள். இவற்றைக் குறிப்பிடாத கட்டுரையின் எண்ணை நான் ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை.