பயிற்சி கொடுத்தும் வேலை மாறவில்லையா? – கேள்வி பதில்

பணியாளர் பயிற்சியைத் திட்டமிடுவதும் நடத்துவதும்தான் என் வேலை. வந்திருக்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் குழுத் தலைவராக இருக்கிறேன். புகார்கள் கூடிக்கொண்டே போகின்றன. எல்லாருக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எங்கிருந்து தொடங்குவது?

தேதி குறிப்பதற்கு முன் அந்தப் புகார்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எந்த இடத்தில் தவறுகிறது, எல்லாரிடமும் தவறுகிறதா, சிலரிடம் மட்டுமா என்று பிரித்துப் பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் இவரால் இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியுமா? ராபர்ட் மேகர் என்ற பயிற்சி அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே பரப்பிய கேள்வி இது. ‘முடியும்’ என்பது பதிலானால், அவருக்கு வேலை தெரியாமல் இல்லை. வேறு ஏதோ தடுக்கிறது.

உங்கள் மாதிரி இடங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. வாடிக்கையாளர் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும் என்று ஊழியருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மாத மதிப்பீட்டில் பார்ப்பது அழைப்பு எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்பதை மட்டும். அவர் அவசரப்படத்தான் செய்வார். அங்கே மாற்ற வேண்டியது அளவுகோலை. அதை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பொறுமையைப் பற்றி வகுப்பெடுத்தால், ஊழியரின் நேரத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தே வீணடிக்கிறோம்.

கேள்வி: கடையில் பில் போட வரும் புதியவர்களை ஒரு வாரம் சீனியர் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். ஆனாலும் சரக்கு திரும்பி வரும்போது தடுமாறுகிறார்கள். ஏன்?

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும் பயிற்சி ஆகாது. சீனியருக்குக் கை தானாக ஓடும், எதை ஏன் செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அந்த வாரத்தில் சரக்கே திரும்பி வராமலும் போயிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு இதே சிக்கல் பெரிய அளவில் வந்தது. தொழிற்சாலைப் பக்கமே போகாத ஏராளமானோரைச் சீக்கிரம் பழக்க வேண்டியிருந்தது. 1940-இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்று, மேற்பார்வையாளர்களுக்கு நான்கு படிகளைச் சொல்லிக்கொடுத்தது: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, அவரைச் செய்ய வை, பிறகும் கவனி. கற்பவர் கற்கவில்லையென்றால் கற்பித்தவர்தான் பொறுப்பு என்பது அவர்களின் கொள்கை. போருக்குப் பிறகு இந்த முறை ஜப்பானுக்குப் போய், டொயோட்டா வரை வேரூன்றியது.

உங்கள் வேலைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். சரக்கு வாபஸில் ஆறு படிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: பழைய பில்லைத் தேடு, பொருளைச் சோதி, ஸ்கேன் செய், காரணத்தைத் தேர்ந்தெடு, பணத்தைத் திருப்பு, கையெழுத்து வாங்கு. முதல் தடவை படிகளை மட்டும் சொல்லிக்கொண்டே செய்து காட்டுங்கள். இரண்டாம் தடவை, தவறு நடக்கும் இடங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘எந்த வழியில் பணம் வந்ததோ அதே வழியில்தான் திரும்பணும்.’ மூன்றாம் தடவை, ஏன் என்று: ‘கார்டில் வந்ததை ரொக்கமாகக் கொடுத்தால், இரவு கல்லாக் கணக்கு இடிக்கும்.’ அப்புறம் இடத்தை மாற்றி உட்காருங்கள். இப்போது அவர் செய்யட்டும். செய்யும்போதே படியையும் காரணத்தையும் அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லத் திணறும் இடம்தான் நாளை தவறப்போகும் இடம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

நிஜமாகச் சரக்கு திரும்பி வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் மென்பொருளில் பழகிப் பார்ப்பதற்கென்று தனிக் கணக்கு இருந்தால் அதிலேயே பழக விடுங்கள்.

கேள்வி: இரண்டு நாள் பயிற்சியை ஒரே மூச்சில் முடிப்பதா, பிரித்து வைப்பதா?

பிரித்து வையுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னை வைத்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார்: கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் அதிகம் நிற்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்தினார்கள். ஆகவே ஒவ்வொரு அமர்வையும் போன தடவை பார்த்ததில் மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். மதிப்பெண் போட வேண்டாம், போட்டால் பயம்தான் வரும்.

கேள்வி: சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள் என்கிறார்களே. அப்படிக் குழு பிரிக்கலாமா?

வேண்டாம். 2008-இல் ஹரால்ட் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் இருந்த ஆய்வுகளை அலசி, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். வேலைதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும். இயந்திரத்தின் சத்தம் மாறுவதைக் கண்டுபிடிப்பது வேலையென்றால், எல்லாரும் அதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

கேள்வி: பயிற்சி முடிவில் கருத்துப் படிவம் கொடுக்கிறோம். எல்லாரும் ‘மிக நன்று’ போடுகிறார்கள். இது போதாதா?

போதாது. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பயிற்சியை மதிப்பிட 1959-இல் நான்கு நிலைகளை முன்வைத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, அதனால் பலன் வந்ததா. உங்கள் படிவம் முதல் நிலையோடு நிற்கிறது. சாப்பாடும் பேச்சாளரும் நன்றாக இருந்தாலே அதில் நல்ல மதிப்பெண் வந்துவிடும்.

திட்டமிடும்போது கடைசி நிலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எந்த எண் மாற வேண்டும்? திரும்பி வரும் சரக்கா, விபத்தா, மறுவேலையா? அந்த எண்ணைப் பயிற்சிக்கு முன்பே குறித்து வையுங்கள். முடிந்தால் பாதிப் பேருக்கு முதலில் கொடுத்து, மீதிப் பேரோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் மாற்றம் பயிற்சியால் வந்ததா, சீசனால் வந்ததா என்று சொல்ல முடியாது.

கேள்வி: பயிற்சி முடிந்து உற்சாகமாகத் திரும்பினேன். ‘அங்க சொன்னதெல்லாம் அங்கயே இருக்கட்டும், இங்க நம்ம வழிதான்’ என்றார் சூப்பர்வைசர். என்ன செய்ய?

பயிற்சிக்குச் செலவழித்த அத்தனையும் கரைந்துபோவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். எனக்கு மிகவும் மனவேதனை தரும் விஷயமும் இதுவே. கற்றது வேலைக்கு வந்து சேர்வதில் மேலாளர் ஆதரவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை பால்ட்வின், ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் 1988-இலேயே தொகுத்துக் காட்டிவிட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: கற்றதில் ஒன்றை மட்டும் எடுத்து, ‘இதை இரண்டு வாரம் முயன்று பார்க்கட்டுமா சார்?’ என்று கேளுங்கள். எல்லாவற்றையும் மாற்றப் பார்ப்பவருக்குக் கிடைக்காத அனுமதி இதற்குக் கிடைக்கும்.

இதைப் படிக்கும் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒன்று: சூப்பர்வைசருக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். ஆளை அனுப்புமுன் பத்து நிமிடம், திரும்பியதும் பத்து நிமிடம் அவர் பேசட்டும். ‘எதைக் கற்று வர வேண்டும்’, ‘எதை எப்போது செய்து பார்க்கப்போகிறாய்’ என்ற இரண்டைப் பேசினாலே போதும். இதற்கு ஒப்புக்கொள்ளாத பிரிவிலிருந்து ஆட்களை அழைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: கட்டாய ஆன்லைன் பயிற்சியில் எல்லாரும் ‘அடுத்து’ பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறார்கள்.

தேர்வை முன்னால் வையுங்கள். தேறியவர் மீதியைத் தாண்டட்டும், தவறியவர் தவறிய பகுதியை மட்டும் பார்க்கட்டும்.

கேள்வி: நாங்கள் சிறிய நிறுவனம். பயிற்சித் துறையும் இல்லை, பணமும் இல்லை.

அடிக்கடி தவறும் ஒரு வேலையை எடுத்து, அதற்கு ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியல் எழுதுங்கள். மனப்பாடம் செய்யத் தேவையில்லாததை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், கண்ணெதிரே ஒட்டிவிடுங்கள். பட்டியலை அனுபவசாலி சொல்லச் சொல்ல, புதிதாகச் சேர்ந்தவர் எழுதட்டும். அனுபவசாலிக்குச் சாதாரணமாகத் தெரிவதால் விட்டுப்போகும் படியை அவர்தான் நிறுத்திக் கேட்பார். எழுதியதை, அந்த வேலையே தெரியாத மூன்றாம் ஆளிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு வரி சேருங்கள்.