பதினான்கு புள்ளிக்குள் ஓர் இடம்

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகனுக்கு முதுகுத்தண்டில் டி6 மட்டத்தில், அதாவது மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு அளவில் அடி. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. ஆனாலும் சக்கர நாற்காலி கூடைப்பந்து பழகுகிறார்; இந்திய ஆண்கள் அணிக்கு ஆடியே தீருவேன் என்கிறார். “நிமிர்ந்து உட்காரவே கை ஊன்றுகிறான், இவனை யார் அணியில் சேர்ப்பார்கள்? படிப்பும் கெட்டு, ஆட்டமும் இல்லாமல் போனால் என்ன செய்வது?” என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: சேர்ப்பார்கள். கை ஊன்றி நிமிர்கிறவருக்கும் இந்த ஆட்டத்தின் விதியே இடம் ஒதுக்கியிருக்கிறது.

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உடம்பின் பிடிமானத்தைப் பார்த்து 1.0 முதல் 4.5 வரை, அரை அரைப் புள்ளியாக ஒரு வகுப்பு கொடுப்பார்கள். இடுப்பிலும் வயிற்றிலும் பிடிமானமே இல்லாதவர் 1.0. உடம்பை எந்தப் பக்கமும் சாய்த்து நிமிர முடிகிற, காலில் மட்டும் குறை உள்ளவர் 4.5. சர்வதேச ஆட்டத்தில் களத்தில் இருக்கும் ஐந்து பேரின் புள்ளிகள் சேர்ந்து 14-ஐத் தாண்டக் கூடாது. ஒரு 4.5, ஒரு 4.0, ஒரு 3.0 இறக்கினாலே 11.5 தீர்ந்துவிடும். மிச்சமுள்ள 2.5-இல் இரண்டு பேர் ஆட வேண்டும்: ஒருவர் 1.5, ஒருவர் 1.0. ஆக, நல்ல 1.0 ஆட்டக்காரர் இல்லாத பயிற்சியாளர், தன் உயரமான ஆட்டக்காரர்களில் ஒருவரை வெளியே உட்கார வைக்க வேண்டியிருக்கும். தம்பிக்கு 1.0 அல்லது அதை ஒட்டிய புள்ளிதான் வரும். அதைக் குறையாக எண்ணாதீர்கள்.

1.0 ஆட்டக்காரரின் வேலை பெரும்பாலும் ஸ்கோர் பலகையில் தெரியாது. சக்கர நாற்காலி பக்கவாட்டில் நகராது. எதிராளியின் சக்கரத்துக்குக் குறுக்கே சரியான கோணத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டால், அவர் பின்னுக்குப் போய்த் திரும்பித்தான் வர வேண்டும். 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டிய ஆட்டத்தில் அந்தத் தாமதம் பெரிது. அதற்குள் நம் பெரிய ஆட்டக்காரர் ரிம்முக்கு, அதாவது கூடை வளையத்துக்கு அடியில் போய்விடுவார். பழகுகிற பையன்கள் எல்லோரும் முதலில் 3.05 மீட்டர் உயர ரிம்மையே பார்த்து எறிந்துகொண்டிருப்பார்கள். தம்பி அதில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று தள்ளலில் வேகம் பிடிப்பது, ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துத் திரும்புவது, ஸ்க்ரீன் போடுவது (மேலே சொன்னபடி நாற்காலியால் வழி மறிப்பது), மார்புயரத்தில் பாஸ் வாங்குவது: முதல் ஆண்டுக்கு இவை போதும். பந்தை மடியில் வைத்து இரண்டு முறைக்கு மேல் சக்கரத்தைத் தள்ளினால் டிராவலிங் என்ற தவறு. தரையில் தட்டிய பிறகு மறுபடி இரண்டு முறை தள்ளலாம். தட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி தட்டினால் நின்று ஆடும் கூடைப்பந்தில் ‘டபுள் டிரிப்ளிங்’ தவறு; அது இதில் இல்லை. இது கையில் பழக்கமாகவே சில மாதம் ஆகும்.

அடுத்து நாற்காலி. ஆஸ்பத்திரி நாற்காலியில் ஆடினால் கவிழும், தோளும் கெடும். ஆட்ட நாற்காலியின் பெரிய சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே விரிந்து நிற்கும். பின்னால் கவிழாமலிருக்க ஒரு சிறு சக்கரம் இருக்கும். கியர், பிரேக் கூடாது. பெரிய சக்கரத்தின் விட்டம் 69 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மெத்தையோடு சேர்த்து இருக்கை உயரம் 3.0 வரை உள்ளவர்களுக்கு 63 சென்டிமீட்டர், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 58. தம்பிக்கு 63 அனுமதி உண்டு என்று உயர்த்திக் கட்டிவிடாதீர்கள். வயிற்றுப் பிடிமானம் இல்லாதவர் தாழ உட்கார்ந்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருந்தால்தான் உடம்பு முன்னால் சரியாமல் நிற்கும். இருக்கை அகலம் இடுப்பை ஒட்டியிருக்க வேண்டும். ‘வளருகிற பையன், கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்’ என்று சட்டை தைப்பது மாதிரி வாங்கினால், அவர் திரும்புவார், நாற்காலி திரும்பாது. முதல் வருஷம் கிளப் நாற்காலியில் ஆடட்டும். வகுப்புப் புள்ளி உறுதியான பிறகு அளவெடுத்து வாங்குங்கள். நம் ஊர் சிமெண்ட் தளம் டயரைச் சீக்கிரம் தின்னும். மாற்று டியூப் இரண்டு பையில் இருக்கட்டும். முன் சக்கர பேரிங்கில் தலைமுடியும் மண்ணும் சுற்றிக்கொள்ளும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். திறமை இருந்தும் பலர் அணிக்கு வெளியே நிற்பது உடம்பைக் கவனிக்காததால்தான்.

உணர்வில்லாத இடத்தில் புண் வருவது அவருக்குத் தெரியாது. தினமும் இரவில் கண்ணாடி வைத்துப் பின்பக்கம், வால் எலும்பு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் பழைய நிறத்துக்கு வரவில்லை என்றால், மறுநாள் பயிற்சி கிடையாது; அந்த இடத்தில் பாரமே படக் கூடாது. ஆழமான ஒரு படுக்கைப்புண் ஒரு முழு சீசனைத் தின்றுவிடும். நாற்காலியில் இருக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ பாரத்தை மாற்றும் வழக்கம், பள்ளியிலும் வேண்டும்.

டி6 அல்லது அதற்கு மேலே அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, சிறுநீர்க் குழாய் அடைத்தாலோ, பெல்ட் இறுகினாலோ, புண் இருந்தாலோ ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். மண்டை இடிக்கும், முகம் சிவந்து, அடிபட்ட மட்டத்துக்கு மேலே வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்ற வேண்டும். குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். பயிற்சியாளருக்கும் கூட ஆடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வியர்வை பற்றியும் ஒரு வார்த்தை: நெஞ்சுக்குக் கீழே வியர்க்காததால் அவர் உடம்பு சீக்கிரம் சூடேறும். வேலூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்? கோடையில் காலை ஏழு மணிக்குள் பயிற்சி முடியட்டும். தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். சிறுநீர்க் குழாய்க்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது, பையன்கள் செய்கிற பெரிய தவறு.

இதற்கெல்லாம் நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைசிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் காலத்தில், 1966-இல் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் வேலூர் பாகாயத்தில் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். தோள் வலி வந்த பிறகு போகாமல், ஆட்டம் தொடங்கும்போதே ஒரு முறை காட்டிவிடுங்கள்.

தேர்வுப் பாதை இதுதான்: கிளப், தமிழ்நாடு அணி, தேசியப் போட்டி, பயிற்சி முகாம், கடைசியில் 12 பேர். 2014-இல் சென்னையில் உருவான இந்திய சக்கர நாற்காலி கூடைப்பந்து கூட்டமைப்புதான் தேசிய அளவில் இதை நடத்துகிறது. ரோம் நகரில் 1960-இல் நடந்த முதல் பாராலிம்பிக்கிலிருந்தே இந்த ஆட்டம் உண்டு. ஆசியாவிலிருந்து ஜப்பான், டோக்கியோ பாராலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் வெள்ளி வாங்கியது. நாம் எட்ட வேண்டிய உயரம் அது.

வகுப்புப் பரிசோதனைக்குப் போகும்போது எம்ஆர்ஐ அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, சொந்த மெத்தை, பெல்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். மேஜையில் பார்ப்பதோடு விடமாட்டார்கள், ஆட்டத்திலும் கவனிப்பார்கள். முடிவதை முடியாதது போலக் காட்டினால் தடை வரும். மருந்திலும் கவனம் வேண்டும். மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு, சிறுநீர் பெருக்கி போன்றவை ஊக்கமருந்துப் பட்டியலில் உள்ளவை. டாக்டர் எழுதியதே ஆனாலும் விலக்கு அனுமதி வேண்டும். லேகியமும் ஜிம்மில் விற்கும் பவுடரும் வேண்டவே வேண்டாம்.

இப்போது சோறு. இந்தியாவில் இது மாதச் சம்பளம் தரும் ஆட்டம் இல்லை. தேசிய அணி ஜெர்சி போட்டவரும் வேறு வேலை பார்த்துத்தான் வீட்டை நடத்துகிறார். அதனால் படிப்பை நிறுத்தும் பேச்சே வேண்டாம். உயர்கல்வியில் 5 சதவீதமும் அரசு வேலையில் 4 சதவீதமும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. தம்பியின் முதல் நம்பிக்கை அதுதான், விளையாட்டு ஒதுக்கீடு இரண்டாவது. வேலை அறிவிப்பில் ‘கூடைப்பந்து’ என்று இருந்தால், சக்கர நாற்காலி ஆட்டமும் அதில் அடங்கும் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பாரா விளையாட்டு தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ் படிவம் 1, மாநிலங்களுக்கிடையிலான தேசியப் போட்டிக்குப் படிவம் 2. யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதிலேயே இருக்கும். மெடலோடு வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் கழித்துக் கையெழுத்துக்கு அலைவதைவிட, போட்டி முடிந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்-ஆஃப் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நாள் அவரையே நாற்காலியோடு கூட்டிப்போங்கள். சாய்தளம், தரைத்தள வகுப்பு, நாற்காலி நுழையும் கழிப்பறை: இந்த மூன்றில் கழிப்பறைதான் முக்கியம். அது இல்லாத கல்லூரியில் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வார். பி.காம், பி.சி.ஏ போல உட்கார்ந்து செய்யும் வேலைக்கான படிப்பாக இருந்தால் அரசுத் தேர்வுக்கும் தனியார் வேலைக்கும் உதவும். ஆட்டத்தோடு ஒட்டியே இருக்க ஆசையென்றால், ஸ்கோர் எழுதுவது, 24 விநாடிக் கடிகாரம் இயக்குவது போன்ற மேஜை அலுவலர் பயிற்சியை இந்த வயதிலேயே தொடங்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரை முடக்குவது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை, பாஸ்போர்ட் நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் ‘கு.’ என்றும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால், முகாமுக்குத் தேர்வான பிறகு விசா வாங்கும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ரயில் சலுகைக்கு ரயில்வே தரும் தனி அட்டை வேண்டும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு அடிக்கடி போகப் போகிறீர்கள், அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வேலூர் மாவட்டமே என்பதால் உங்களுக்குச் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகம்தான். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அங்கேயே பார்க்கலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கூட்டம் அதிகம், வேறொரு நாளில் போங்கள். எல்லாவற்றுக்கும் அசலும் இரண்டு ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிப்போங்கள். கேட்கிற கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.