சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எல்லா விசேஷமும் எடுக்கிறோம். கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டி (சி டிரைவ்) ஒன்று, படங்கள் வைக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. இரண்டுமே நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுகின்றன. வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன. "ஆல்பம் கொடுத்தாச்சுல்ல, பழைய கல்யாண போல்டரை அழிச்சிரு" என்கிறார் ஒரு நண்பர். விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸை அழிக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

முதலில் அந்த வின்எஸ்எக்ஸ்எஸ். விண்டோஸ் தன்னைப் பழுது பார்க்கவும் அப்டேட் போடவும் வைத்திருக்கும் கிடங்கு அது. அதன் சைஸைப் பார்த்துப் பயந்துதான் பலர் கை வைக்கிறார்கள். ஆனால் அதில் உள்ள பல கோப்புகள் விண்டோஸ் வேறு இடங்களிலும் பயன்படுத்தும் அதே கோப்புகள்தான், டிஸ்க்கில் ஒரே பிரதிதான் இருக்கும், கணக்கில் மட்டும் இரண்டு தடவை வரும். கையால் அழித்தால் மறுநாள் கம்ப்யூட்டர் கிளம்பாமலே போகலாம். ஸ்டார்ட் மெனுவில் டிஸ்க் கிளீனப் என்று தேடித் திறந்து, 'கிளீன் அப் சிஸ்டம் பைல்ஸ்' அழுத்தினால் வரும் பட்டியலில் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' இருக்கும். அதை டிக் செய்தால் போதும், எது தேவையில்லையோ அதை விண்டோஸே பார்த்து எடுத்துவிடும். அதே பட்டியலில் பழைய விண்டோஸ் பதிப்பு மிச்சம் இருந்தால் அதுவும் தெரியும், பல ஜிபி பிடித்துக்கொண்டிருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணம் இல்லையென்றால் எடுத்துவிடலாம்.

அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். டெம்பரரி பைல்ஸைச் சுத்தம் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் போல்டரும் நிற்கும். உங்கள் வாடிக்கையாளர்கள் மெயிலில் அனுப்பும் பத்திரிகை டிசைன், பழைய போட்டோ எல்லாம் அங்கேதான் கிடக்கும், அந்த டிக்கை மட்டும் போடாதீர்கள். நீங்கள் கையால் டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னுக்குப் போனவற்றின் இடம், அந்தப் பின்னைக் காலி செய்யாதவரை திரும்பக் கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் சி டிரைவைத் தின்பது பெரும்பாலும் எடிட்டிங் மென்பொருள்தான். பிரீமியர் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் வீடியோவைச் சேர்க்கச் சேர்க்க, மீடியா கேஷ் என்ற தற்காலிகக் கோப்புகளை அது தானாகவே சி டிரைவில் எழுதிக்கொண்டே போகும், ப்ராஜெக்ட் முடிந்து டெலிவரி கொடுத்த பிறகும் அது அப்படியே இருக்கும். எடிட், ப்ரிஃபரன்சஸ், மீடியா கேஷ் பக்கத்தில் அதை அழிக்கலாம், இத்தனை நாளுக்கு மேல் பழசானால் தானே அழி என்றும் சொல்லி வைக்கலாம். ஒரிஜினல் வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது. பழைய ப்ராஜெக்டைத் திறந்தால் கேஷைத் திரும்ப உருவாக்கச் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான். போட்டோஷாப்பும் வேலை நடக்கும்போது ஸ்க்ராட்ச் பைல் என்ற தற்காலிகக் கோப்பை எழுதும். ஒழுங்காக மூடினால் போய்விடும், கரண்ட் போய் அணைந்தால் தங்கிவிடும். போட்டோஷாப்பை மூடிவிட்டு, பெயர் 'போட்டோஷாப் டெம்ப்' என்று ஆரம்பிக்கும் கோப்புகளைத் தேடி அழியுங்கள்.

இப்போது அந்தக் கல்யாண போல்டர்கள். ஆல்பம் கொடுத்ததோடு உங்கள் கணக்கு முடிந்தது என்று நண்பர் நினைக்கிறார். ஆனால் உங்களுக்கே தெரியும், நாலு வருஷம் கழித்து ஒருவர் ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்பார், அப்பா தவறிவிட்டார், வேறு நல்ல போட்டோவே இல்லை, தங்கச்சி கல்யாணத்தில் வேட்டி சட்டையோடு நிற்பாரே அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கும் வீட்டில் மாட்டவும் தாருங்கள் என்பார். பல பெரியவர்களுக்கு ஆதார் கார்டு படத்தை விட்டால் இருக்கும் ஒரே தெளிவான படம் இப்படி யாரோ ஒருவர் விசேஷத்தில் நீங்கள் எடுத்ததுதான். அதை ஒரு டிஸ்க்கின் இடத்துக்காக அழிப்பது எனக்குச் சம்மதமில்லை. கண் மூடிய படம், ஆட்டம் விழுந்த படம், ஒரே போஸில் பத்து இருந்தால் ஒன்பது, கழித்துவிட்ட படங்களின் ரா பைல்கள் (கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் பெரிய கோப்புகள்), இவற்றை அழியுங்கள், அதிலேயே கணிசமான இடம் வரும். மிச்சமெல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும்.

அதற்கும் ஒரு முறை இருக்கிறது. கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கையும் சைஸும் ஒன்றா என்று பார்த்து, நடுவிலிருந்து சில படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே இங்கே அழிக்க வேண்டும். காப்பியும் இரண்டு டிஸ்க்கில் வேண்டும், ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். ஒரே டிஸ்க்கில் மட்டும் இருந்தால் அது பேக்கப் ஆகாது, இடம் மாற்றியது மட்டும்தான். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடை சும்மா இருக்கும்; வருஷா வருஷம் அந்த மாதத்தை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். இந்த வைகாசிக்கு மேலே சொன்ன சுத்தம் தாங்கும். எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும், நிரம்ப நிரம்ப அது வேகம் குறையும்.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன். மகளுடைய லேப்டாப்பில் இடமில்லை. படங்களை ஒன்டிரைவ் போல்டரில் போட்டுவிட்டு, அவை ஏறியதும் லேப்டாப்பில் அழித்துவிடலாமா?

பதில்: அழிக்கவே கூடாதும்மா. அந்த போல்டரில் அழித்தால் இணையத்தில் இருப்பதும் சேர்ந்து அழியும். போல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள், படம் இணையத்தில் இருக்கும், லேப்டாப்பில் இடம் காலியாகும். ஏற்கெனவே அழித்திருந்தால் ஒன்டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும், உடனே போய் எடுத்துவிடுங்கள். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், கல்லூரிப் பாடங்களுக்குப் போதும், குடும்பப் படங்களுக்குப் போதாது.

கேள்வி: மதுரை டவுன் ஹால் ரோட்டில் 1 டிபி டிஸ்க் வாங்கினேன். 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அதனால் வரும் வித்தியாசம். ஆனால் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். விண்டோஸில் 2 டிபி என்றே காட்டும், உள்ளே இருப்பது சில ஜிபியாக இருக்கும், நிரம்பியதும் சத்தமில்லாமல் கோப்புகள் கெட்டுப்போகும். வாங்கிவிட்டீர்கள் என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள், முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும்.