பத்து வருடம் நின்ற கார்: சாவியைத் திருப்பாதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நின்றுபோன வண்டிகளைப் பற்றியவை. ஷெட்டில் ஒரு பழைய கார் தூசு படிந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்குமே கை துறுதுறுக்கும். அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப்போடத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: காரைக்குடியில் ஒரு வீட்டில் 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4 விற்பனைக்கு இருக்கிறது. பதினோரு வருடமாக எடுக்கவில்லை. எஞ்சின் சுற்ற மறுக்கிறது. “கயிறு கட்டி இழுத்து இரண்டாவது கியரில் விட்டால் பிடித்துக்கொள்ளும்” என்கிறார் அந்த வீட்டு டிரைவர். இழுத்துப் பார்க்கலாமா?

கூடாது. நின்ற வண்டியில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். இழுத்த வேகத்தில் அவை விடுபடலாம், உடையவும் செய்யலாம். வால்வு ஒன்று மேலேயே இறுகியிருந்தால் அதைத் தள்ளும் கம்பி வளைந்துவிடும். வெறும் ஊறவைத்தலில் சரியாகியிருக்க வேண்டிய எஞ்சினை, கால் மணி நேர அவசரத்தில் பிரித்துப் போட வைத்துவிடுவீர்கள்.

விற்பவர் சம்மதித்தால் இப்படிச் செய்யுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வையுங்கள். ஒன்று மட்டும் துருவேறி வந்தால் அந்த சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் சம அளவு கலந்து, துளை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஸ்பூன் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய், கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்க ஹேண்டிலால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அம்பாசிடரில் ஹேண்டில் போட வழி இருப்பது இப்போதுதான் நமக்கு உதவுகிறது. அசையவில்லையா, இன்னும் இரண்டு ஸ்பூன், இன்னும் ஒரு வாரம். ஹேண்டிலில் பைப்பைச் செருகி நீளமாக்கி மிதிக்கும் வீரம் வேண்டாம்.

சுற்றத் தொடங்கியதும் எஞ்சினின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றி, இன்னொருவரைச் சுற்றச் சொல்லி, எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பழைய ஆயிலை முழுவதும் வடியுங்கள். பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விலையை அங்கேயே மறுபடி பேசலாம். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் பிரஷர் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். பெட்ரோல் டேங்கிலிருந்து வரக் கூடாது. பழைய மெக்கானிக்குகள் சலைன் பாட்டில் மாதிரி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு கார்புரேட்டருக்குக் குழாய் கொடுப்பார்கள். அதுவே சரி, பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். தீப்பொறி வரவில்லை என்றால் உடனே காயிலைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே தொட்டு விலகும் பாயிண்டை நைஸ் உப்புத்தாளால் ஒரு முறை தேயுங்கள். பாதி வண்டிகளில் சிக்கல் அதுதான்.

கேள்வி: தூத்துக்குடியில் ஒரு பிரீமியர் பத்மினி. புது பெயிண்ட், கண்ணாடி போல மின்னுகிறது. எஞ்சின் மட்டும் சரியில்லை என்கிறார்கள். என் பட்ஜெட்டில் வருகிறது.

எஞ்சின் சரியில்லை என்பதில் எனக்குக் கவலையே இல்லை. அந்த 1089 சிசி எஞ்சினைப் பிரித்து மாட்டும் கைகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. எனக்குப் பயம் அந்தப் புது பெயிண்ட். ஓடாத வண்டிக்கு ஏன் பெயிண்ட் அடித்தார்கள்? கடலோர ஊர் வேறு.

மெல்லிய துணியில் சுற்றிய சிறிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கதவுக்குக் கீழே ஓடும் தகடு, சக்கர வளைவுகள், ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி, டிக்கியின் தரை, இந்த இடங்களில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு விரல் முட்டியால் தட்டுங்கள்; தகடு கணீரென்று கேட்கும், பட்டி மொத்தென்று கேட்கும். கால்மிதியடியைத் தூக்கி, அடியில் இருக்கும் தார்த்தாளை ஓரமாக உயர்த்திப் பாருங்கள். நான் ஒருமுறை அப்படித் தூக்கியபோது கீழே சிமெண்ட் தரையும் அதில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு எறும்பு வரிசையும் தெரிந்தன. வெளியே அந்த வண்டியும் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

கதவைத் திறந்து லேசாக மேலே தூக்குங்கள். கீல் பிடித்திருக்கும் தூணே அசைந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடம்பே எலும்பு. அது அரித்துப்போனால் டிங்கர் வேலைக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல பத்மினியே வாங்கிவிடலாம்.

கேள்வி: அப்பாவின் நண்பர் தன்னுடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தர முன்வந்திருக்கிறார். ஓடுகிறது. எதைப் பார்ப்பது?

அதிர்ஷ்டக்காரர். வண்டலூரில் செய்யப்பட்ட வண்டி. பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் எஞ்சினும் முன் சக்கரங்களும் மொத்தமாக வெளியே வந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்தபடி வேலை பார்க்கலாம். இதற்குத் தனி சேசிஸ் உண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும், பின்முனையும் துருவேறும் இடங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் அடியில் டிரன்னியன் என்ற மரைத்திருகு மூட்டு இருக்கிறது. அதற்கு கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில் போக வேண்டும். கிரீஸ் உள்ளே இறங்காமல் வாயிலேயே உறைந்துவிட, மரை துருப்பிடித்து, ஒருநாள் மெதுவாகத் திருப்பும்போது கம்பி முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அவர் எதைப் போட்டார் என்று கேளுங்கள். கிரீஸ் என்றால் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் ரோட்டில் விடாதீர்கள். பின்னால் நின்று பாருங்கள்: பின் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே அதிகமாகச் சாய்ந்திருந்தால் குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங் களைத்துவிட்டது.

கேள்வி: 1970ல் பதிவான ஃபியட். உரிமையாளர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார். ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, பெயர் மாற்றவில்லை. விண்டேஜ் நம்பர் வாங்கிவிடலாம் என்கிறாரே?

அவசரப்படாதீர்கள். முதலில் வண்டி வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். மற்ற வாரிசுகளின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். ஷெட்டில் கிடந்தபோது திரும்பிப் பார்க்காத அண்ணன் தம்பிகள், விலை பேசியதும் வந்துவிடுவார்கள். அதன் பிறகே 29, 30 படிவங்களில் உங்களுக்கு விற்பனை. பணத்தில் பெரும்பகுதியை அதுவரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேசிஸ் எண்ணை நீங்களே பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் மாறியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா பாருங்கள். இவ்வளவு பழைய பதிவுகள் பல இடங்களில் கணினிக்கு ஏறாமல் இருக்கும். அதை ஏற்றித் தரும் வேலையை விற்பவரே முடித்துத் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

விண்டேஜ் பதிவு என்பது 2021ல் வந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிதாக உருமாற்றப்படாத வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துள்ள நம்பர் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அதில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சில காரணங்களுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக நினைத்தால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதே உத்தமம்.

கேள்வி: இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

ஓட்டினால் சமாளிக்கலாம், நிறுத்தினால் ஆகாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வையும் ஊறவைத்துக் கெடுக்கும். குழாய்களை அதற்கேற்ற புதியதாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: எட்டு வருடம் நின்ற கார், புது பேட்டரி போட்டதும் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிவிட்டது! வீடு 120 கிலோமீட்டர். ஓட்டி வந்துவிடட்டுமா?

லாரியில் ஏற்றி வாருங்கள்.

வாலிப வயதில் நானும் இப்படி ஒரு வண்டியை ஓட்டி வந்தேன். முதல் பத்து கிலோமீட்டர் பிரேக் அருமையாக இருந்தது. ரயில்வே கேட் மூடுவதைப் பார்த்து மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கடைசியில் வேலியோரம் குவித்திருந்த மணலில் ஏற்றி நிறுத்தினேன். பிறகு டிரம்மைத் திறந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் மிளகாய் வற்றல் போலச் சுருங்கி, ஆயில் முழுவதும் பிரேக் ஷூவில் இறங்கியிருந்தது. பிரேக் ஆயில் சும்மா இருந்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். ஆகவே நான்கு சக்கர சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1415 என்றால் 2015ன் பதினான்காவது வாரம். பட்டன் (டயரின் பள்ளக் கோடுகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயதில் அதை நம்பாதீர்கள்.

லாரிக்காரரிடம் பேசும்போது, சக்கரம் உருளுமா என்று கேட்பார். பின் டிரம்கள் இறுகியிருந்தால் ஏற்றுக்கூலி வேறு கேட்பார். அதையும் கார் விலையிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.